பெயர் சொல்லாத ஊருக்கு ஏழு நாள்

முதல் நாள், இரவு ரயில்

ஊரின் பெயரை இந்தக் குறிப்புகளில் எங்கும் எழுதப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மலை, அதன் காலடியில் ஒரு கடற்கரை, இரண்டையும் இணைத்து ஓடும் ஓர் ஆறு. அவ்வளவுதான் விலாசம். காரணத்தை வழியில் எங்காவது சொல்கிறேன்.

அக்காவும் நானும்தான் போகிறோம். அவள் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. ஓய்வு பெற்ற கையோடு, இத்தனை வருடம் பார்க்காமல் விட்ட ஊர்களையெல்லாம் வட்டியோடு பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவள். சுற்றுலா முகவர் ஒருவர் அவளுக்கு அழகான திட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார்: ஏழு நாள், நான்கு ஊர், மூன்று விமானம். அதில் ஓர் ஊருக்கு ஒதுக்கியிருந்த நேரம் பதினாறு மணி, தூக்கமும் சேர்த்து.

அந்தத் தாளை நீட்டி, “இதில் ஒரு கணக்குப் போட்டுத் தருகிறாயா?” என்று கேட்டேன். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளிடம் இப்படிக் கேட்டால் மறுக்கவே மாட்டாள். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. எந்த வாகனத்தில் ஓர் ஆள் ஒரு கிலோமீட்டர் போனால் எவ்வளவு பசுங்குடில் வாயு என்று அதில் இருக்கும். உள்நாட்டு விமானத்துக்குச் சுமார் 250 கிராம். ரயிலுக்கு 35 முதல் 40 வரை. தொலைதூரப் பேருந்துக்கு 30க்கும் குறைவு. முகவரின் மூன்று விமானங்களும் சேர்ந்து 2,800 கிலோமீட்டர். அக்கா தாளில் எழுதாமலே சொன்னாள்: “ஆளுக்கு 700 கிலோ.” ஒரே ஊருக்கு ரயிலில் போய்த் திரும்பினால் 1,800 கிலோமீட்டர், 72 கிலோ. அங்கே சுற்றுவதற்குப் பேருந்தில் ஒரு 300 கிலோமீட்டர் என்று வைத்தாலும் இன்னொரு 9 கிலோதான்.

“இது வேறு நாட்டு எண். மின்சாரம் எப்படித் தயாராகிறது, ரயிலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்” என்று அவளே ஆட்சேபம் எழுப்பினாள். அவளே தீர்த்தும் வைத்தாள்: “ஒன்பதுக்கு ஒன்று என்பது ஐந்துக்கு ஒன்று ஆகலாம். ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடாது.” பிறகு என்னைப் பார்த்து, “நான்கு ஊரை விட்டுவிட்டு ஓர் ஊரைப் பார் என்கிறாயா?” என்றாள்.

“ஓர் ஊரை நான்கு தடவை பார்க்கலாம் என்கிறேன்.”

முகம் சுளித்தாள். ஆனாலும் இதோ, கீழ்ப் படுக்கையில் நான்கு பைகளுக்கு நடுவே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

தூக்கம் வராததால் ஒரு எரிச்சலை எழுதிவிடுகிறேன். சூழலைக் கெடுக்காமல் பயணம் போவது எப்படி என்று வரும் அறிவுரைகளில் முதல் வரி பெரும்பாலும் துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. இரண்டாவது, பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள். விமானம் எட்டாவது வரியில் வரும், அல்லது வரவே வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது. உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் ஏறத்தாழ 8 சதவீதம் சுற்றுலாவால் வருகிறது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் ஒரு பெரிய பங்கு, போய்ச் சேர்வதிலேயே செலவாகிவிடுகிறது. விமானப் புகையோடு விஷயம் முடிவதுமில்லை. உயரத்தில் அது இழுத்துவிட்டுப் போகும் வெள்ளைக் கோடுகளும் பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018இல் உலக மக்களில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானத்தில் ஏறினார்கள் என்கிறது வேறோர் ஆய்வு. எல்லைகடந்து பறந்தவர்கள் 4 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆகவே, வாழ்நாளில் ஒரு முறை கடல் தாண்டிப் போகிறவரைப் பிடித்துக் குற்ற உணர்ச்சி ஊட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. பறந்துதான் ஆக வேண்டும் என்றால் நடுவில் இறங்கி மாறாமல் நேராகப் போகும் விமானம், சாதாரண வகுப்பு, போன இடத்தில் நீண்ட நாள். நீண்ட தூர விமானத்தில் பிசினஸ் வகுப்பு இருக்கை ஒன்று சாதாரண இருக்கையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கணக்கில் ஏறுகிறது, அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்காக. மாதம் ஒரு வார இறுதிக்குப் பறந்துவிட்டு மூங்கில் பல்துலக்கியைப் படம் எடுத்துப் போடுகிறவர்களோடுதான் எனக்குப் பிணக்கு.

இரண்டாம் நாள், மலையில் ஒரு பச்சை விடுதி

காலையில் ரயில் நிலையம், அங்கிருந்து மலையேறும் பேருந்து. அக்காவின் பைகளில் இரண்டு கூரை மேல் ஏறின. வளைவுகளில் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

முதல் இரவுக்கு மட்டும் ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தோம். வாசல் பலகையில், சூழலைக் காக்கும் விடுதி என்பதற்கு அடையாளமாக மூன்று பச்சை இலைகள். அறைக்குள் நுழைந்தபோது ஆளில்லாத அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நான்கு. குளியலறையில் கட்டைவிரல் அளவு ஷாம்பு புட்டிகள் ஆறு. அவற்றுக்கு மேலே ஒரு அட்டை: பூமியைக் காக்க, உங்கள் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்.

இந்த அட்டைக்கு ஒரு சரித்திரம் உண்டு. வெறும் பேச்சில் பச்சை வேடம் போடுவதைக் குறிக்கும் ‘கிரீன்வாஷ்’ என்ற சொல், 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் எழுதிய கட்டுரையில் பிறந்தது. அவரை உறுத்தியதும் விடுதிக் குளியலறையில் இருந்த இதே துண்டு அட்டைதான். ஒரு பக்கம் கடற்கரையில் கட்டிடத்தை விரித்துக்கொண்டே போகிறார்கள், மறுபக்கம் சலவைச் செலவை மிச்சம் பிடிப்பதற்குப் பூமியைத் துணைக்கு அழைக்கிறார்கள் என்பது அவர் வாதம். அதற்காகத் துண்டை ஒரே நாளில் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க விடுதி ஒன்றில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு சுவையானது. ‘சூழலைக் காப்போம்’ என்று எழுதியிருந்த அறைகளைவிட, ‘இந்த அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்’ என்று எழுதியிருந்த அறைகளில் கூடுதலான பேர் அப்படியே செய்தார்கள். முன்னால் இருந்தவர் செய்தார் என்றால் நாமும் செய்கிறோம்.

அக்கா வரவேற்பறைக்குப் போய் விடைத்தாள் திருத்துகிற குரலில் மூன்று கேள்வி கேட்டாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? இங்கே வேலை பார்க்கிறவர்களில் இந்த ஊர்க்காரர் எத்தனை பேர்? அந்தப் பையன் பாவம், சிரித்தான். முதல் கேள்விக்கு லாரி என்றான். இரண்டாவதற்கு, மேலாளர் நாளை வருவார் என்றான். மூன்றாவதற்குத் தன்னையே சுட்டிக்காட்டி, “நான் ஒருவன்தான் அம்மா” என்றான்.

இனி அறை எடுக்கும் முன்பே தொலைபேசியில் இந்த மூன்றையும் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். இலை மூன்றா ஐந்தா என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது சுலபம்.

மூன்றாம் நாள், சேற்றுக்கு நடுவே

விடுதியை விட்டு, கீழ்த்தெருவில் ஒரு குடும்பத்தின் மாடி அறைக்கு மாறினோம். காற்று நன்றாக வருகிறது, ஏசி இல்லை, மொட்டை மாடியில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. கழிவுநீர் பின்பக்கத் தோட்டத்து வாழைக்குப் போகிறது. அக்கா எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

வீட்டுக்காரரின் மகள்தான் எங்களை மலைக்கு அழைத்துப் போனாள். இருபத்து மூன்று வயது இருக்கும். வழிகாட்டி என்று அடையாள அட்டை வைத்திருக்கிறாள். காட்டைப் பற்றிப் பேசுவாள், காட்டைவிட அதிகமாக எங்கள் கால்களைப் பார்ப்பாள்.

ஒற்றையடிப் பாதையில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கிச் சேறாகிக் கிடந்தது. புதுக் காலணியாயிற்றே என்று நான் பாதையை விட்டு ஓரப் புல்லில் கால் வைத்தேன். “அம்மா, நடுவில் வாருங்கள்” என்றாள். சேற்றிலா? “சேற்றில்தான்.” பிறகு அந்த இடத்தைக் காட்டினாள். ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் வந்துகொண்டிருந்த பாதை அங்கே மட்டும் ஒரு லாரி போகிற அகலத்துக்கு விரிந்திருந்தது. ஒவ்வொருவரும் சேற்றைச் சுற்றிப் போகிறார்கள். சுற்றிய இடத்தில் புல் செத்து அதுவும் சேறாகிறது. அடுத்தவர் அதையும் சுற்றிப் போகிறார். “காலணியைக் கழுவிக்கொள்ளலாம், இந்தப் புல் திரும்ப வர வருடக்கணக்கில் ஆகும்” என்றாள். கணுக்கால் வரை முங்கி நடந்தேன். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டாள்.

இன்னும் மேலே, பாதை வளைந்து வளைந்து ஏறும் இடத்தில், அவசரக்காரர்கள் வளைவைத் தவிர்த்து நேராக இறங்கிய குறுக்குத் தடங்கள். மழைக்கு அவைதான் முதல் வாய்க்கால். ஒரு தடம் என் இடுப்பளவுக்கு ஆழமாகிவிட்டிருந்தது. உள்ளே சிவப்பு மண், அறுந்து தொங்கும் வேர்கள். அக்கா நின்று வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

பிறகு என் தவறு. ஓடையைக் கண்டதும் பையிலிருந்து சோப்புத் தாளை எடுத்துக் கை கழுவக் குனிந்தேன். மக்கும் சோப்புதான், உறையில் எழுதியிருக்கிறது என்றேன். “அது மண்ணில் மக்கும், தண்ணீரில் அல்ல” என்றாள் அந்தப் பெண். கழுவ வேண்டுமானால் பாத்திரத்தில் மொண்டு, ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளிப் போய்க் கழுவி, மண்ணில் ஊற்ற வேண்டுமாம். மலையேறுகிறவர்களுக்கு உலகெங்கும் சொல்லித்தரும் ஒழுங்கு இது. எனக்கு மட்டும் இந்த வயதில் ஓர் இளம்பெண் சொல்ல வேண்டியிருந்தது. பழத்தோலையும் திரும்ப எடுத்து வந்தோம். அதுவும் மக்கும்தான், ஆனால் மக்குகிற வரை விலங்குகளுக்குப் பாதையோரம் வந்து தின்னும் பழக்கத்தை உண்டாக்கும்.

நான்காம் நாள், மழை

நாள் முழுக்க மழை. முகவரின் திட்டப்படி என்றால் இந்நேரம் ஓர் ஊர் கைநழுவிப் போயிருக்கும். எங்களுக்கு நாளையும் இதே ஊர்தான். அக்கா வீட்டுக்காரரின் பேரனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். நான் தூங்கினேன்.

ஐந்தாம் நாள், அருவியும் இறக்கமும்

விடியலில் வெயில். பேருந்துக்கு முன்பாக நான்கு மணி நேரம் இருந்ததால் அந்தப் பெண் எங்களை ஓர் அருவிக்கு அழைத்துப் போனாள். எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. அருவியைப் பற்றி எழுத மாட்டேன். பெயரை மறைப்பதற்குக் காரணம் இதுதான்.

கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்று ஒரு சிறிய நகரம். 2019 மார்ச்சில் அதன் மலைச்சரிவில் பாப்பிப் பூக்கள் ஆரஞ்சுக் கம்பளமாக விரிந்தன. படங்கள் பரவின. ஒரே வார இறுதியில் பல்லாயிரம் பேர் குவிந்து, சாலை அடைத்து, பூவின் மேல் படுத்துப் படம் எடுத்தார்கள். நகர நிர்வாகம் மலைக்குப் போகும் வழியையே மூட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் பகுதிச் சுற்றுலா வாரியம், படம் போடுங்கள், துல்லியமான இடக்குறியைப் போடாதீர்கள் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. ஆட்களை வரவழைப்பதற்கென்றே இருக்கிற வாரியம் அப்படிச் சொன்னது!

தாய்லாந்தின் மாயா விரிகுடாவின் கதை இன்னும் பெரியது. 2000இல் வெளியான ஒரு திரைப்படம் அதை உலகுக்குக் காட்டியது. பிறகு ஒரே நாளில் ஐயாயிரம் பேர் வரை அந்தச் சின்னஞ்சிறு கரையில் இறங்கினார்கள். பவளம் சிதைந்தது. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வரக் கூடாது. தீவின் பின்பக்கம் இறங்கி நடந்துதான் வர வேண்டும். ஆள் வராத காலத்தில் கருநுனிச் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பி வந்துவிட்டன.

மறைத்து வைப்பதில் ஒரு தன்னலம் இருக்கிறது, தெரியும். நான் பார்த்துவிட்டேன், நீங்கள் வராதீர்கள் என்பது போலத்தான். அந்தப் பெண்ணிடமே கேட்டேன். ஆட்கள் வந்தால்தானே உனக்கு வேலை? “வரட்டும் அம்மா, வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். எல்லோரும் அந்த இரண்டு விடுமுறை மாதத்தில் வருகிறார்கள். அப்போது எங்கள் குழாயில் தண்ணீர் வராது. மற்ற பத்து மாதம் எனக்கு வேலை வராது.” இதற்கு மேல் தெளிவாக எந்த நிபுணரும் சொல்லிவிட முடியாது. கூட்டமில்லாத பருவத்தில் போவது, பணத்தை அந்த ஊர்க்காரரின் கையில் நேரே கொடுப்பது. அவள் கேட்பது இவ்வளவுதான்.

மாலையில் கடற்கரை. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் பேருந்து பாலம் ஏறியபோது, நீல நீருக்குள் ஒரு செம்பழுப்பு விசிறி விரிந்திருந்தது. “நேற்றைய மழை” என்றேன்.

“நேற்றைய மழை மட்டும் இல்லை, அந்தக் குறுக்குத் தடம்” என்றாள் அக்கா.

ஆறாம் நாள், பவளத்தின் மேல்

காலையில் பவளப்பாறைக்குப் படகு. படகோட்டி இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, பூசுகிற சன்ஸ்கிரீன் எதையும் பூசக் கூடாது, கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மூடும் நீச்சல் சட்டை போட வேண்டும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் பவளக் குஞ்சுகளைப் பாதிக்கின்றன என்ற ஆய்வுகளால், பசிபிக் தீவு நாடான பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தன. பவளத்துக்கு முதல் எதிரி சூடேறும் கடல்தான், சன்ஸ்கிரீன் அல்ல. ஆனால் சட்டை போடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? முதுகும் எரியாது. இரண்டாவது நிபந்தனை, தண்ணீருக்குள் நிற்கக் கூடாது. மிதக்க முடிந்தால் வா, முடியாவிட்டால் படகிலேயே இரு.

படகு நங்கூரம் போடவில்லை. கடலடியில் நிரந்தரமாகக் கட்டியிருக்கும் ஒரு மஞ்சள் மிதவையில் கயிற்றை மாட்டினார். சற்றுத் தள்ளி இன்னொரு படகு வந்து, மிதவை வரை போகச் சோம்பல்பட்டு நங்கூரத்தை வீசியது. முகமூடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பு விழுந்த இடத்தில் மேசையளவு பவளம் ஒன்று விளிம்பில் உடைந்து, வெள்ளைப் பொடி புகை போல எழுந்தது. பாறை போலத் திரளும் பவளம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கிளை விடும் வகை கொஞ்சம் வேகம், பத்து சென்டிமீட்டர் வரை. உடைந்தது எந்த வகை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா நீந்த மாட்டாள், படகில் இருந்தபடியே அந்தப் படகுக்காரரைப் பெயர் சொல்லாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் சற்றுக் கலங்கலாக இருந்தது. மலையில் மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் இப்படித்தான் என்றார் படகோட்டி. மண் பவளத்தின் மேல் படிந்தால் அதற்கு வெளிச்சம் கிடைப்பதில்லை, மூச்சும் முட்டுகிறது. சேற்றின் நடுவில் நடக்கச் சொன்ன பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவள் இந்தக் கடலை மாதம் ஒரு முறை பார்த்தாலே அதிகம்.

பலாவில் 2017 டிசம்பர் முதல் நாட்டுக்குள் நுழையும் பயணியின் கடவுச்சீட்டில் ஒரு உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறார்கள். மெல்ல நடப்பேன், தீங்கு செய்ய மாட்டேன் என்று அந்நாட்டுக் குழந்தைகளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே போகலாம். இதைச் சொன்னதும் படகோட்டி சிரித்தார். “கையெழுத்தா? நான் நங்கூரத்தையே கரையில் வைத்துவிட்டு வருகிறேன்” என்றார்.

ஏழாம் நாள், கணக்கு உதைத்தது

நேற்று வரை பெருமையாக எழுதிக்கொண்டிருந்தேன். இன்று காலை பேருந்து வரவில்லை. அடுத்தது மதியம்தான். ரயிலோ பதினொன்றரைக்கு. வேறு வழியில்லாமல் ரயில் நிலையம் வரை 110 கிலோமீட்டருக்கு வாடகைக் கார். முகம் கழுவாத கோபத்தோடு ஏறிய அக்கா, பாதி வழியில் நோட்டை எடுத்தாள். பெட்ரோல் கார் கிலோமீட்டருக்குச் சுமார் 170 கிராம். திரும்பும்போது வண்டி காலியாகத்தான் போகும், ஆகவே 220 கிலோமீட்டர். மொத்தம் 37 கிலோ, ஆளுக்குப் பதினெட்டரை. வாரம் முழுக்கப் பேருந்துக்கு நாங்கள் ஒதுக்கிய 9 கிலோவைப் போல இரண்டு மடங்கு, ஒன்றரை மணி நேரத்தில்.

“முந்தின நாளே ரயிலடிக்கு வந்து தங்கியிருக்க வேண்டும்” என்றேன்.

“அந்த அருவிக்குப் போன நான்கு மணி நேரத்தைக் குறைத்திருக்கலாம்” என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டில் எதையும் நாங்கள் செய்திருக்க மாட்டோம் என்று இருவருக்கும் தெரியும்.

இப்போது ரயிலில் இருக்கிறோம். அக்காவின் தொலைபேசி ஓயாமல் அதிர்கிறது. குடும்பக் குழுவில் அருவிப் படத்தைப் போட்டிருக்கிறாள். பின்னணியில் வெறும் பாறை தெரிகிற மாதிரி, ஊர் அடையாளம் எதுவும் இல்லாத படம். நானே பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. சித்தி மகன் தனியாக அழைத்துக் கேட்டிருக்கிறான். அவனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த மாதம் வருகிறார்களாம். பதினான்கு பேர், இரண்டு வேன்.

நான் முறைத்ததும், “கூட்டம் இல்லாத பருவம்தானே?” என்றாள். “வேன் வேண்டாம், ரயிலில் போ என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் எண்ணையும் கொடுத்திருக்கிறேன். சேறு வந்தால் நடுவில்தான் நடக்க வேண்டும், இல்லையென்றால் என் முகத்தில் முழிக்காதே என்றும் எழுதிவிட்டேன்.”

அவன் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பியிருக்கிறான். அது ரயிலுக்கா சேற்றுக்கா என்று கேட்டு அக்கா இப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்.